சங்கத்துக் கம்ப்யூட்டர்

பெங்களூரில் லிங்கராஜபுரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. ஒரு சந்தின் கடைசியில் ஒரு சிறிய அறை. உள்ளே ஆறு தையல் மெஷின்கள். சுவர் ஓரமாக ஒரு மேசை. மேசையின் மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்குப் பூப்போட்ட துணியில் ஓர் உறை. சங்கத்துப் பெண்களே தைத்தது.

சங்கத்தில் 18 பேர். மாதாமாதம் சேமிக்கிறார்கள். தங்களுக்குள் கடன் கொடுக்கிறார்கள். பள்ளிச் சீருடை தைத்து விற்கிறார்கள். எல்லாக் கணக்கும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

கணக்கு எழுதுபவரை எல்லாரும் 'கணக்கக்கா' என்று கூப்பிடுவார்கள். அவர் 34 வயதில்தான் இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டி, கம்ப்யூட்டரையும் பழகினார்.

கம்ப்யூட்டர் 2011-இல் செய்தது. ஒரு கம்பெனி தனக்கு வேண்டாம் என்று சங்கத்துக்குக் கொடுத்தது. வந்த புதிதில் நன்றாக ஓடியது. வரவர நடை தளர்ந்தது. சுவிட்சைப் போட்டால் திரை வர 9 நிமிடம் ஆகும். "டீ போட்டுக் குடிச்சுட்டு, டம்ளரையும் கழுவி வெச்சுட்டு வந்தாலும், இது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு மாதம் வேறு தொல்லை வந்தது. வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா ஜூன் மாதத் தவணை 1,500 ரூபாய் கட்டினார். கணக்கில் அது இல்லை. ஜூன் மாதத்துக்கு நேரே காலியாக இருந்தது. "நான் கட்டினேன்" என்றார் அவர். "கம்ப்யூட்டரில் இல்லையே" என்றார்கள் மற்றவர்கள். அவர் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டார். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

கணக்கக்காவுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. பணம் வாங்கியது போலவும் இருந்தது. வாங்காதது போலவும் இருந்தது.

கூட்டத்தில் பேச்சு வந்தது. "புதுக் கம்ப்யூட்டர் வாங்கிடலாம். 30,000 ரூபாய் ஆகுமாம்" என்றார் தலைவி. பணம் இருந்தது. ஆனால் அது ஓவர்லாக் மெஷின் வாங்கச் சேர்த்த பணம். ஓவர்லாக் மெஷின் இல்லாததால் சீருடையின் ஓரம் அடிக்க வெளியே கொடுக்கிறார்கள். லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே போகிறது.

"ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுங்க. என் தங்கச்சி மகன் எஸ்.பி. ரோட்டுல வேலை பார்க்கிறான். அவன் ஒரு தடவை பார்க்கட்டும்" என்றார் கணக்கக்கா.

எஸ்.பி. ரோடு பெங்களூர் டவுன் ஹால் பக்கம் இருக்கிறது. முழுப் பெயர் சாதர் பத்ரப்பா ரோடு. கம்ப்யூட்டர் சாமான், ரேடியோ சாமான், ஒயர், பேட்டரி எல்லாம் அங்கே கிடைக்கும். பழைய பாகங்களும் கிடைக்கும். ஊரில் பெரிய பெரிய கம்பெனிகள் இருந்தாலும், பழுது பார்ப்பவர்களுக்கு அந்தத் தெருதான் பெரிய கம்பெனி.

முதல் வேலை: நகல் எடுத்தல்

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். பையில் திருப்புளி, ஒரு பெயின்ட் பிரஷ், இரண்டு பென் டிரைவ்.

"பெரியம்மா, முதல்ல கணக்கை இந்த ரெண்டு பென் டிரைவ்லயும் காப்பி பண்ணுங்க."

"எதுக்குடா ரெண்டு?"

"ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு."

கம்ப்யூட்டரில் எந்த வேலை செய்வதானாலும் இதுதான் முதல் படி. கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கலாம். பத்து வருடக் கணக்கு போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது. காப்பி எடுத்த பிறகு, பென் டிரைவில் கணக்கு திறக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. கணக்கக்கா இரண்டையும் வேறு ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

மேசையும் அலமாரியும்

"இது ஏன் இப்படி மெதுவாப் போகுது?" என்று பெண்கள் கேட்டார்கள்.

தம்பி சுற்றிலும் பார்த்தான். தையல் அறை அல்லவா? அதை வைத்தே விளக்கினான்.

தையல்காரர் துணி வெட்ட ஒரு மேசை வைத்திருப்பார். துணிகளை அடுக்கி வைக்க ஓர் அலமாரி வைத்திருப்பார். கம்ப்யூட்டருக்கும் இந்த இரண்டும் உண்டு. அலமாரிக்குப் பெயர் ஹார்ட் டிஸ்க். கணக்கு, படம், பாட்டு எல்லாம் அதில்தான் இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் அழியாது. மேசைக்குப் பெயர் ராம். இப்போது செய்யும் வேலை மட்டும் அதில் இருக்கும். சுவிட்சை அணைத்தால் மேசை காலியாகிவிடும்.

வெட்டுகிற கைக்குப் பெயர் பிராசசர்.

மேசை சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? நாலு துணி விரித்ததும் இடம் தீர்ந்துவிடும். ஐந்தாவது துணிக்கு, ஒன்றை மடித்து அலமாரியில் வைக்க வேண்டும். மறுபடி அது வேண்டுமென்றால் எழுந்து போய் எடுக்க வேண்டும். கை எவ்வளவு வேகமாக வெட்டினாலும், நேரமெல்லாம் நடையிலேயே போய்விடும். பழைய கம்ப்யூட்டர் பெரும்பாலும் இப்படித்தான் தளர்கிறது. கை சோர்ந்து போவதில்லை. மேசை போதவில்லை.

சங்கத்துக் கம்ப்யூட்டரின் ராம் 2 ஜிபி. 2011-இல் அது தாராளம். இப்போது இன்டர்நெட்டில் ஒரு பக்கம் திறந்தாலே பாதி மேசை நிறைந்துவிடுகிறது.

மேசை, அலமாரி, கை. இந்த மூன்றையும் வேலை வாங்க ஒரு மேஸ்திரி வேண்டும். கட்டட வேலையில் மேஸ்திரி இருக்கிறார் அல்லவா, அதுபோல. கம்ப்யூட்டரில் மேஸ்திரிக்குப் பெயர் ஆபரேட்டிங் சிஸ்டம். தமிழில் இயக்க முறைமை என்பார்கள். சங்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த மேஸ்திரியின் பெயர் விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2009-இல் வெளியிட்டது.

தூசியும் ஒரு பேட்டரியும்

கரன்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, தம்பி பெட்டியை வாசலுக்கு எடுத்துப் போனான். மூடியைத் திறந்தான். உள்ளே பஞ்சு மெத்தை போலத் தூசி! தையல் அறையின் நூல் துகள் எல்லாம் அதில் இருந்தது. காற்றாடி சுற்றவே இடமில்லை.

தூசி அடைத்தால் சூடு வெளியே போகாது. பிராசசர் அதிகம் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எரிந்து போகாமல் தன்னைக் காத்துக்கொள்ள அப்படிச் செய்கிறது. வெயிலில் வேலை செய்பவர் நிழலில் உட்கார்வது போல. ஆக, வெறும் தூசியால்கூடக் கம்ப்யூட்டர் மெதுவாகும்.

உலர்ந்த பிரஷ்ஷால் மெல்லத் துடைத்தான். காற்றாடியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு துடைத்தான். ஈரத் துணியை உள்ளே விடவே கூடாது.

உள்ளே வட்டமாக ஒரு பேட்டரி இருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் தடிமன். அதன் எண் சி.ஆர். 2032.

"பெரியம்மா, தேதி சரியாக் காட்டுதா?"

"இல்லடா. தினமும் 2010 ஜனவரின்னு காட்டும். நான் கண்டுக்கிறதில்ல."

தம்பி சிரித்தான். கம்ப்யூட்டருக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. கரன்ட் இல்லாதபோது அதை ஓட்டுவது இந்தப் பேட்டரி. பேட்டரி தீர்ந்தால், ஒவ்வொரு முறையும் கடிகாரம் பழைய தேதிக்கே போய்விடும். தேதி தவறாக இருந்தால் பேங்க் பக்கமும் திறக்காது. ஏனென்றால் பாதுகாப்பான ஒவ்வொரு இன்டர்நெட் பக்கத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2010-இல் நிற்கும் கம்ப்யூட்டர், இன்றைய சான்றிதழைப் பார்த்துச் சந்தேகப்படும். கதவை மூடிக்கொள்ளும்.

கணக்கக்கா எதுவும் பேசவில்லை. அவருக்கு வேறு ஏதோ நினைவு வந்துவிட்டது. ஆனால் பெட்டி பாகம் பாகமாகப் பிரிந்து கிடந்தது. பொறுத்துக்கொண்டார்.

காலையில் யார் யார் எழுகிறார்கள்?

பெட்டியை மூடி, புதுப் பேட்டரியோடு சுவிட்சைப் போட்டார்கள். திரை வந்ததும் தம்பி 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்தினான். 'எம்எஸ்கான்ஃபிக்' என்று எழுத்துக்களைத் தட்டினான். ஒரு பெட்டி திறந்தது. அதில் 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதி. நீளமாக ஒரு பட்டியல்.

சுவிட்சைப் போட்டதும் தாமாகவே எழுந்துகொள்ளும் புரோகிராம்கள் அவை. மொத்தம் 23. யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் எல்லாம் எழுந்து மேசையில் உட்கார்ந்துகொள்கின்றன. பாட்டு கேட்கும் புரோகிராம், எப்போதோ தூக்கிப் போட்ட ஒரு பிரிண்டரின் புரோகிராம், விளம்பரம் காட்டும் புரோகிராம்.

தம்பி ஒவ்வொன்றாக டிக் குறியை எடுத்தான். டிக் எடுத்தால் புரோகிராம் அழியாது. காலையில் தானாக எழாது, அவ்வளவுதான். வேண்டும்போது நாம் எழுப்பலாம்.

அவசரத்தில் ஒரு தவறும் நடந்தது. கம்ப்யூட்டரை மறுபடி போட்டபோது தமிழ் வரவில்லை. 'அ' தட்டினால் ஆங்கில எழுத்து வந்தது. கணக்கக்காவின் முகம் வாடிவிட்டது. தமிழ் தட்டெழுத்துக்கான புரோகிராமும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. தம்பி அதன் டிக்கையும் எடுத்துவிட்டான்.

"அதுக்குத்தான் பெரியம்மா, எதை எடுக்கிறோம்னு ஒரு தாள்ல எழுதிக்கணும். நான் எழுதல" என்று தம்பியே ஒப்புக்கொண்டான். டிக்கைத் திரும்பப் போட்டான். தமிழ் வந்தது. அதற்குப் பிறகு கணக்கக்கா நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். என்ன செய்தோம், முன்பு எப்படி இருந்தது, இரண்டையும் எழுதினார். பெயர் தெரியாத புரோகிராமைத் தொடவே விடவில்லை. பெயர் தெரியாவிட்டால் விட்டுவிடுவதுதான் சரி.

பட்டியலில் வைரஸ் தடுக்கும் புரோகிராம் இரண்டு இருந்தன. ஒரே வாசலுக்கு இரண்டு காவல்காரர்கள். ஒருவர் திறந்ததை மற்றவர் சோதிப்பார். அவர் சோதித்ததை இவர் மறுபடி சோதிப்பார். வேலை இரட்டிப்பு. ஒன்றை முழுவதுமாக நீக்கினார்கள். ஒன்றை வைத்துக்கொண்டார்கள்.

குப்பையும் சிதறலும்

அடுத்தது அலமாரி. 'கம்ப்யூட்டர்' என்ற படத்தைத் திறந்தால் 'சி' என்று ஒரு டிரைவ் இருக்கும். அதன் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'ப்ராப்பர்ட்டீஸ்' போக வேண்டும். அங்கே 'டிஸ்க் கிளீனப்' என்று ஒரு பொத்தான். வேலை முடிந்தும் கிடக்கும் தற்காலிகக் கோப்புகளை அது கூட்டித் தள்ளும். துணி வெட்டிய பின் மிஞ்சும் துண்டுகள் போன்றவை அவை.

கையால் தேடித் தேடி அழிப்பது ஆபத்து. முன்பு தலைவியின் மகன் ஒரு நாள் இடம் பண்ணுகிறேன் என்று எதையோ அழித்தான். அதிலிருந்து கம்ப்யூட்டரில் சத்தமே வரவில்லை.

இன்னொன்று சிதறல். பழைய ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே சுற்றும் தட்டு உண்டு. கிராமபோன் தட்டின் மேல் முள் போவது போல, ஒரு முனை அங்கும் இங்கும் போய்ப் படிக்கும். ஒரு சட்டையின் துண்டுகள் பத்து அறைகளில் கிடந்தால் சேர்க்க நேரமாகும் அல்லவா? அப்படி ஒரு கோப்பு பல இடங்களில் சிதறிக் கிடக்கும். அதைச் சேர்த்து அடுக்கும் வேலைக்கு 'டிஃப்ராக்மென்ட்' என்று பெயர். விண்டோஸ் 7 வாரம் ஒரு முறை, புதன்கிழமை இரவு 1 மணிக்கு, தானே அதைச் செய்யும்படி அமைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் சங்கத்தில் விளக்கே எரியாது. பகலில் ஓய்வாக இருக்கும்போது செய்யலாம் என்றால், கரன்ட் பில்லுக்குப் பயந்து வேலை முடிந்ததும் அணைத்துவிடுவார்கள். ஆகவே அடுக்கும் வேலை வருடக்கணக்கில் நடக்கவில்லை. அன்று இரவு முழுவதும் அதற்கு விட்டார்கள்.

இன்டர்நெட்டில் சில விளம்பரங்கள் வரும். 'உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது. இங்கே அழுத்துங்கள். வேகமாகும்' என்று மின்னும். அழுத்தவே கூடாது. பெரும்பாலும் அது திருடனுக்குக் கதவைத் திறப்பதுதான்.

கண்ணுக்கும் கைக்கும் ஏற்றபடி

விண்டோஸ் 7 அழகுக்காகச் சில வேலைகள் செய்யும். ஜன்னல்கள் கண்ணாடி போலத் தெரியும். மறையும்போது மெல்ல மங்கும். நிழல் விழும். எல்லாம் அழகுதான். எல்லாம் பிராசசருக்கு வேலைதான். 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்ற இடத்தில் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்பதைத் தேர்ந்தால் அந்த அலங்காரம் நின்றுவிடும்.

அப்படிச் செய்ததும் எழுத்துக்களின் ஓரம் பல்லுப் பல்லாகத் தெரிந்தது. படிக்கச் சிரமமாக இருந்தது. அந்தப் பட்டியலிலேயே எழுத்தின் ஓரத்தை மழமழப்பாக்கும் ஒரு வரி உண்டு. அதற்கு மட்டும் டிக்கைத் திரும்பப் போட்டார்கள். எழுத்து தெளிந்தது. புதிதாகப் படிக்கக் கற்றவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

திரையின் பின்னால் ஒரு குழந்தையின் படம் இருந்தது. தலைவியின் பேத்தி. "அதையும் எடுக்கணுமா?" என்று தலைவி கவலைப்பட்டார். வேண்டாம். அசையாத ஒரு படத்தால் வேகம் குறையாது. பேத்தி அப்படியே இருந்தாள்.

பிறகு எழுத்தின் அளவை 125 சதவீதம் ஆக்கினார்கள். மவுஸ் அம்பைப் பெரிதாக்கினார்கள். மவுஸை இரண்டு முறை அழுத்தும் வேகத்தைக் குறைத்தார்கள். ஊசி பிடித்துக் காய்த்த விரல்களால் டக் டக் என்று வேகமாக அழுத்த வராது. இது தெரியாமல் "எனக்குக் கம்ப்யூட்டர் வராது" என்று ஒதுங்கிய பெண்கள் உண்டு. குறை விரலில் இல்லை. கம்ப்யூட்டரின் அமைப்பில் இருந்தது. அதை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

திரையில் இருந்த 40 படங்களில் 36 போயின. மிச்சம் நான்கு. அவற்றின் பெயரைத் தமிழில் எழுதினார்கள். சேமிப்பு. கடன். சீருடை. பேங்க்.

இத்தனையும் காசு இல்லாத வேலை. பேட்டரி ஒன்றுக்குத்தான் காசு. ஒன்பது நிமிடம் நாலரை நிமிடம் ஆனது.

எஸ்.பி. ரோட்டில்

மறுநாள் கணக்கக்காவும் தலைவியும் தம்பியோடு எஸ்.பி. ரோட்டுக்குப் போனார்கள். பழைய ராம் துண்டைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போனார்கள். ராம் எல்லாம் ஒன்றல்ல. டிடிஆர் 2, டிடிஆர் 3, டிடிஆர் 4 என்று வகைகள் உண்டு. ஒன்று போகும் இடத்தில் மற்றது பொருந்தாது. ரவிக்கைக்கு அளவு ரவிக்கை கொண்டு போவது போலத்தான். சங்கத்துடையது டிடிஆர் 3. அதே வகையில் இன்னொரு 2 ஜிபி, பழையது, வாங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் பழுதானால் மாற்றித் தருவதாகப் பில்லின் பின்னால் எழுதி வாங்கினார் தலைவி.

இன்னொரு பொருளும் வாங்கினார்கள். அதற்குப் பெயர் எஸ்எஸ்டி. அதுவும் அலமாரிதான். ஆனால் சுற்றும் தட்டு இல்லை. முள்ளும் இல்லை. நகரும் பாகமே இல்லை. எந்த அறையில் இருந்தாலும் ஒரே வேகத்தில் எடுத்துத் தரும். ஆகவே அதற்கு டிஃப்ராக்மென்ட் செய்யவே வேண்டாம். செய்தால் தேய்மானம்தான். பழைய கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், பல நேரங்களில் இதுதான் அந்தப் பொருள். இரண்டும் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது.

காவல் இல்லாத வீடு

இனி ஒரு பெரிய கேள்வி. மேஸ்திரியை மாற்றுவதா, வேண்டாமா?

ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓட்டைகள் தெரிய வந்துகொண்டே இருக்கும். திருடர்கள் அவற்றைத் தேடுவார்கள். தெரிந்தவுடன் கம்பெனி அடைத்துக் கொடுக்கும். சில வருடங்கள்தான் இப்படிச் செய்யும். பிறகு நிறுத்திவிடும். விண்டோஸ் எக்ஸ்பி என்பதற்கு 2014 ஏப்ரல் 8-இல் நிறுத்தியது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. இன்டர்நெட் பக்கம் பார்க்க உதவும் குரோம் புரோகிராமும் 2023-இல் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது.

நின்ற பிறகும் கம்ப்யூட்டர் ஓடும். கணக்கு எழுதலாம். ஆனால் இன்டர்நெட்டில் போய்ப் பேங்க் வேலை செய்வது, காவல்காரர் போய்விட்ட வீட்டில் நகையைத் திறந்து வைப்பது போல. விண்டோஸ் 11 போடலாமே என்றால், அதற்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், கூடவே பாதுகாப்புக்கான ஒரு தனி ஏற்பாடும் வேண்டும். 2011-இல் செய்த பெட்டியில் அந்த ஏற்பாடு இல்லை.

"அப்போ தூக்கித்தான் போடணுமா?" என்றார் தலைவி.

"வேற மேஸ்திரி இருக்காரும்மா. கூலி வாங்காத மேஸ்திரி" என்றான் தம்பி.

லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் பின்லாந்து நாட்டில் மாணவராக இருந்தார். 1991-இல், 21 வயதில், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியை எழுதி எல்லாருக்கும் கொடுத்தார். அதற்கு லினக்ஸ் என்று பெயர். அதற்கு முன்பே, 1983-இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் குனு என்ற திட்டத்தை அறிவித்திருந்தார். யாரும் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம் என்பது அந்தத் திட்டத்தின் விதி. இரண்டும் சேர்ந்து வளர்ந்தன. சமையல் குறிப்பை மூடி வைக்காமல் பக்கத்து வீட்டுக்கும் சொல்வது போல.

இது நமக்குப் புதிதும் அல்ல. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2007-வாக்கில், சி. உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, லினக்ஸுக்கு மாறியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்காக 'பாஸ்' என்ற லினக்ஸை 2007-இல் வெளியிட்டது. பெங்களூரிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. பன்னேர்கட்டா ரோடு பக்கம் குரப்பனபாளையா. அங்கே சுதர்சன் லேஅவுட் என்ற குடிசைப் பகுதி. கட்டற்ற மென்பொருளில் ஆர்வம் உள்ள தன்னார்வலர்கள் அங்கே அம்பேத்கர் சமுதாயக் கணினி மையத்தை நடத்தினார்கள். கம்ப்யூட்டர்களில் லினக்ஸ்தான். குடிசைப் பகுதிப் பிள்ளைகள் அதில் எழுதினார்கள். கிம்ப் என்ற புரோகிராமில் படம் வரைந்தார்கள்.

லினக்ஸில் பல வகை. சில கனமானவை, சில இலேசானவை. தம்பி கொண்டு வந்தது லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான வகை. 2 ஜிபி ராம் இருந்தால் ஓடும். 4 ஜிபி இருந்தால் நன்றாக ஓடும்.

அதை உடனே போட்டுவிடவில்லை. ஒரு பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினான். இந்த வசதி லினக்ஸில் உண்டு. கம்ப்யூட்டரில் எதையும் மாற்றாமல் பார்க்கலாம். மவுஸ் வேலை செய்கிறதா? சத்தம் வருகிறதா? இன்டர்நெட் வருகிறதா? எல்லாம் வந்தது. பிரிண்டர் மட்டும் முரண்டு பிடித்தது. சில பழைய பிரிண்டர்கள் லினக்ஸோடு சுலபமாக ஒத்துப் போவதில்லை. ஒரு மாலை முழுவதும் அதற்கே போனது. கடைசியில் சரியான புரோகிராம் கிடைத்தது. டேலி போல விண்டோஸுக்கென்றே செய்த புரோகிராமை நம்பித் தொழில் நடத்துபவர்கள், மாறும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். சங்கத்துக் கணக்கு எக்செல் தாளில் இருந்தது. லிபர் ஆபீஸ் என்ற இலவசப் புரோகிராமில் அது திறந்தது.

போடும்போது ஒரு காரியம் செய்தான். பழைய ஹார்ட் டிஸ்க்கின் ஒயரைக் கழற்றி வைத்தான். புது எஸ்எஸ்டி மட்டும் உள்ளே இருந்தது. ஏனென்றால் லினக்ஸ் போடும்போது, 'டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டுப் போடவா?' என்று ஒரு கேள்வி வரும். படிக்காமல் சரி என்று அழுத்திக் கணக்கை இழந்தவர்கள் பலர். ஒயரே இல்லாத டிஸ்க்கை யாராலும் அழிக்க முடியாது. எல்லாம் முடிந்த பிறகு ஒயரை மாட்டினான். பழைய டிஸ்க் இரண்டாவது அலமாரி ஆனது.

தமிழ் தட்டெழுத்துக்கு 'தமிழ் 99' முறையைத் தேர்ந்தார்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற முறை அது. இடது கைப் பக்கம் உயிர் எழுத்து, வலது கைப் பக்கம் மெய் எழுத்து. கணக்கக்காவுக்குப் பழக ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். "சொல்ப அட்ஜஸ்ட் மாடி, பெரியம்மா" என்று தம்பி பெங்களூர் பாணியில் சொன்னான்.

சுவிட்சைப் போட்டார்கள். கணக்கக்கா கடிகாரத்தைப் பார்த்தார். திரை வர 40 விநாடி. யாரும் டீ போடப் போகவில்லை.

தீர்ந்த பேட்டரியும், அறையில் கிடந்த பழைய ஒயர்களும் ஒரு பையில் இருந்தன. அவற்றைக் குப்பைத் தொட்டியில் போடவில்லை. கம்ப்யூட்டர் சாமானில் ஈயம் போன்ற நஞ்சு உண்டு. எரித்தால் புகையில் போகும், புதைத்தால் தண்ணீரில் இறங்கும். பெங்களூருக்கு வெளியே தாபஸ்பேட்டையில் 'இ-பரிசரா' என்ற நிறுவனம் 2005 முதல் மின்னணுக் கழிவைப் பிரித்தெடுக்கிறது. இன்று இத்தகைய கழிவை வாங்கும் இடங்கள் நகரத்தில் பல உண்டு. தம்பி பையை எடுத்துக்கொண்டான்.

ஜூன் மாதத் தவணை

எல்லாரும் போன பிறகு, கணக்கக்கா கடன் கணக்கைத் திறந்தார். ஜூன் மாதத்தைப் பார்க்கவில்லை. மேலே, மேலே, மேலே போனார். முதல் வரிக்குப் போனார்.

சங்கத்துக் கணக்கு தேதி வரிசைப்படி தானாக அடுக்கப்படும். அதன் உச்சியில், சங்கம் தொடங்கும் முன்பே நடந்தது போல ஒரு வரி. தேதி 01-01-2010. அந்த அம்மாவின் பெயர். 1,500 ரூபாய். ஜூன் மாதத்தில் ஒரு நாள், பேட்டரி இறந்த பிறகு, கம்ப்யூட்டர் தன் தேதியைத் தானே போட்டிருக்கிறது. அவர் பார்க்கவில்லை.

கணக்கக்கா அன்று இரவே அந்த வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை அந்த அம்மாவைக் கையோடு கூட்டி வந்தார். தலைவியும் இன்னும் நாலு பேரும் வந்திருந்தார்கள்.

அந்த அம்மா இரவு வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நாற்காலியில் உட்கார்ந்தார். எழுத்து பெரிதாக, தெளிவாக இருந்தது. விரலைத் திரையில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். முதலில் தன் பெயர். பிறகு தொகை.

"ஆயிரத்து ஐந்நூறு" என்றார். திரும்பி எல்லாரையும் பார்த்தார்.

"நாங்க அப்படிப் பேசியிருக்கக் கூடாது, அக்கா" என்றார் தலைவி.

கணக்கக்கா அந்த வரியின் தேதியைத் திருத்தினார். வரி நகர்ந்து ஜூன் மாதத்தில் போய் உட்கார்ந்தது. பிறகு ரசீது ஒன்று அச்சடித்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து பணம் வாங்கியதும் ரசீது கொடுப்பது என்றும், தேதியைக் கையாலேயே தட்டுவது என்றும் சங்கத்து நோட்டில் எழுதி, 18 பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மாதம் ஓவர்லாக் மெஷின் வந்தது.